யாங்கோன் நிற்கும் தரை



இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தவர்கள் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். மண்ணியல் சொல்லிக்கொடுத்துக் காலத்தைக் கழித்தவனிடம் தலைப்பை விட்டால் அவன் காலடியைத்தான் பார்ப்பான். யாங்கோனுக்கு வந்ததிலிருந்து சந்தித்தவர்கள் பெரும்பாலும் கேட்டதும் அதைத்தான்: "மண்டலேயில் அவ்வளவு பெரிய பூகம்பம் வந்துபோயிற்று. இங்கே பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் நமக்குப் பயமில்லைதானே ஐயா?"

அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் என் பதில். ஏன் சொல்ல முடியாது என்பதை விளக்கத்தான் இந்த மாலை.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பகல் 12 மணி 50 நிமிடம். ரமலான் மாதத்தின் கடைசி வெள்ளி. பள்ளிவாசல்களில் தொழுகைக்குக் கூட்டம் நிறைந்திருந்த வேளை. 7.7 அளவுள்ள நிலநடுக்கம் மண்டலேயையும் சகாயிங்கையும் உலுக்கியது. அரசுக் கணக்கிலேயே 3,700 பேருக்கு மேல் இறந்தார்கள். 1934-இல் ஐராவதியின் மேல் வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய ஆவா பாலம் ஆற்றில் சரிந்தது. நேப்பிடோவில் அரசு அலுவலகங்கள் இடிந்தன. ஏறத்தாழ 1,000 கி.மீ. தள்ளியிருக்கும் பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கு மேற்பட்ட கட்டடம் ஒன்று தொழிலாளர்களோடு தரைமட்டமானது. பாங்காக்கை இப்போதே மனத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

அந்த நாளின் காணொளி ஒன்றை உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். தாசி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சூரிய மின் நிலையம். அதன் வாயிலில் ஒரு கண்காணிப்புக் கேமரா. முதலில் இரும்புக் கேட்டு குலுங்குகிறது. எல்லாமே ஆடுகின்றன, அதுவரை நாம் எத்தனையோ முறை பார்த்த நிலநடுக்கப் படம்தான். அடுத்த கணம் கேட்டுக்கு அப்பாலுள்ள நிலம் முழுவதும், செடி கொடியோடு, ஒரே துண்டாக வலப்பக்கம் நழுவிப்போய் நிற்கிறது. கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் படத்தை ஒவ்வொரு சட்டமாகப் பிரித்து அளந்தார்கள். 1.3 நொடியில் 2.5 மீட்டர் நகர்ந்திருக்கிறது. வேகம் உச்சத்தில் நொடிக்கு 3.2 மீட்டர். பெரிய நிலநடுக்கத்தில் நிலப்பிளவு நழுவுவதை அது நடக்கும்போதே, அவ்வளவு அருகிலிருந்து, மனிதக் கருவி ஒன்று படம் பிடித்தது அதுவே முதல் முறை. நாங்களெல்லாம் பிளவைப் படித்தது நடந்து முடிந்த பிறகு. வயல்வரப்பு எங்கே ஒடிந்திருக்கிறது, ஓடை எங்கே முழங்கை மடக்கியிருக்கிறது என்று தேடித்தான். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியதைத் தரை தானே செய்துகாட்டிவிட்டது.

நழுவியது சகாயிங் பிளவு. வடக்கே காச்சின் மலைகளிலிருந்து தெற்கே அந்தமான் கடல் வரை 1,200 கி.மீ.க்கு மேல், ஏறக்குறைய நேர்கோடாக, நாட்டை நீளவாக்கில் வகுந்துகொண்டு போகிறது. இதை முறையாக அடையாளம் கண்டு, 1970-இல் எழுதியவர் வின் ஸ்வே என்ற பர்மிய மண்ணியலாளர். அதன் மேல் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எதிர்ப்பக்கம் வலப்புறமாக நகரும். காணொளியில் கண்டதும் அதுதான். அதாவது பிளவுக்கு மேற்கே இருக்கும் நிலம் கிழக்கே இருக்கும் நிலத்தைவிட வடக்கு நோக்கிப் போகிறது.

ஏன் போகிறது? இழுப்பது நம் ஊர். தமிழ்நாட்டைச் சுமந்திருக்கும் இந்தியத் தட்டு வடக்கும் வடகிழக்குமாக, இந்தப் பகுதியைப் பொறுத்தவரை ஆண்டுக்குச் சுமார் 35 மி.மீ. நகர்கிறது. அரக்கான் கரைக்கும் அந்தமானுக்கும் மேற்கே கடலடியில் அது பர்மாவின் கீழ் சரிந்து நுழைகிறது. நுழையும்போது பர்மாவின் மேற்குப் பாதியைத் தன்னோடு வடக்கே இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நகர்வில் ஏறக்குறையப் பாதி, ஆண்டுக்கு 18 மி.மீ. அளவு, சகாயிங் பிளவின் கணக்கில் விழுகிறது. மீதியைக் கடலடியும் அரக்கான் மலைகளும் தாங்குகின்றன. கடலடிப் பங்கு எப்படித் தீர்க்கப்படும் என்பது நாகப்பட்டினத்துக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து அந்தமானுக்கு வடக்கு வரை சுமார் 1,300 கி.மீ. ஒரே மூச்சில் கிழிந்தது. அதில் எழுந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். வங்கக்கடலின் இந்தக் கரையில் இருப்பவர்களும் அந்தக் கரையில் இருப்பவர்களும் உறவினர்கள் என்று மேடைகளில் சொல்வதுண்டு. மண்ணியல் கணக்கில் அந்த உறவு கொஞ்சம் சங்கடமான உறவுதான்.

யாங்கோன் எந்தப் பக்கம்? மேற்கு. பிளவு பகோ நகரை ஒட்டி இறங்குகிறது. இங்கிருந்து நாற்பது கி.மீ. கூட இருக்காது. மண்டலே எங்கோ வடக்கே, நாம் எங்கோ தெற்கே என்று நினைப்பதில் பிழையில்லை. ஆனால் பிளவு மண்டலேயோடு நின்றுவிடவில்லை. நம் வீட்டுக் கொல்லைப்புறமாகத்தான் கடலுக்குப் போகிறது.

2025-இல் கிழிந்த நீளம் 400 கி.மீ.க்கு மேல். கிழிசல் நேப்பிடோவைத் தாண்டித் தெற்கே வந்தது. அதன் வேகம், பாறைக்குள் குறுக்கலைகள் பயணிக்கும் வேகத்தையே மிஞ்சியது; விமானம் ஒலியை மிஞ்சுவதைப்போல அரிதான செயல். அந்தப் பகுதி ஏன் கிழிந்தது என்பதில் எங்கள் துறைக்குப் பெரிய வியப்பு இல்லை. 1839 மார்ச்சில் ஆவா தலைநகரை நொறுக்கிய பூகம்பத்துக்குப் பிறகு நடுப் பர்மாவின் ஒரு நீண்ட துண்டு அசையாமல் கிடந்தது. அதற்கு வடக்கே 1946-இலும் 1956-இலும் பெரிய நடுக்கங்கள். தெற்கே 1929-இலும் 1930-இலும். நடுவில் மட்டும் அமைதி. நிலநடுக்க இடைவெளி என்று இதைச் சொல்வோம். 2011-இல் ஜப்பானிய, பர்மிய ஆய்வாளர்கள் சேர்ந்து பழைய பதிவுகளைத் திரும்பக் கணித்து, இப்பிளவில் இரண்டு இடைவெளிகள் உண்டு என்று எழுதினார்கள். ஒன்று மெய்க்டிலாவை ஒட்டிய அந்த நடுத்துண்டு. அது 2025-இல் தீர்ந்தது. இன்னொன்று தெற்கே, அந்தமான் கடலுக்குள்.

அந்த இரண்டாவதைக் கேட்டு யாரும் இன்றிரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இடைவெளி என்பது தேதி அல்ல. தேதி சொல்பவர்கள் யூடியூபில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குப் பார்வையாளர் எண்ணிக்கைதான் குறி. நிலநடுக்கத்தை நாள், மணி குறித்து முன்கூட்டிச் சொல்லும் வித்தை உலகத்தில் எவரிடமும் இல்லை.

இனி நம் பக்கத்துத் துண்டுக்கு வருவோம். பகோவுக்கு வடக்கே பயாஜி என்ற ஊர். அங்கே 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கோட்டை மதில், இன்று மண் மேடாகத் தெரிகிறது. பகோ, பெகு என்ற பெயரில், பர்மாவின் தலைநகராக இருந்து கடல் வணிகர்களையெல்லாம் இழுத்த காலத்தது. மதிலைக் கட்டியவர்களுக்கு அடியில் பிளவு ஓடுவது தெரியாது. நேராகக் கட்டினார்கள். இப்போது அது நேராக இல்லை. பிளவு குறுக்கிடும் இடத்தில் இரு துண்டும் சுமார் 6 மீட்டர் விலகி நிற்கின்றன. ஆய்வாளர்கள் கோட்டைக்குள் பள்ளம் தோண்டி மண்ணடுக்குகளைப் பார்த்தார்கள். கட்டிய பிறகு குறைந்தது இரண்டு பெரிய நழுவல்கள் நடந்திருக்கின்றன. 6 மீட்டரை இடைப்பட்ட காலத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 11 முதல் 18 மி.மீ. வருகிறது. எத்தனையோ செயற்கைக்கோள்களும் கருவிகளும் சொல்வதைக் கொத்தனார்கள் எழுப்பிய ஒரு சுவர் தனியாக நின்று சொல்கிறது. எனக்குக் கருவிகளைவிடச் சுவர் மேல் நம்பிக்கை அதிகம். அது யாரிடமும் ஆராய்ச்சி நிதி கேட்கவில்லை.

பகோவுக்குப் போகிறவர்கள் ஷ்வேமாடோ பகோடாவுக்குப் போகாமல் திரும்புவதில்லை. அடுத்த முறை போகும்போது அடித்தளத்தின் வடகிழக்கு மூலைக்குப் போங்கள். அங்கே பெரிய செங்கல் பாளம் ஒன்று, மேலிருந்து விழுந்த நிலையில், கட்டுமானத்தோடு பதிக்கப்பட்டிருக்கிறது. 1917 நிலநடுக்கத்தில் உச்சியிலிருந்து உருண்ட துண்டு அது. அதை அகற்றாமல் அப்படியே வைத்தவர்கள் புத்திசாலிகள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் செங்கல்லும் சாந்தும் எவ்வளவு இறுகப் பிடித்திருந்தன என்பது தெரியும். பாளம் உடைந்து தூளாகவில்லை, ஒரே கட்டியாகத்தான் கீழே வந்திருக்கிறது. கட்டுமானம் மோசமென்று யாரும் குறை சொல்ல முடியாது. உயரமும் எடையும் ஆட்டமும் சேர்ந்தால் நல்ல கட்டுமானமும் இறங்கும்.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 1930 மே 5 அன்று இரவு எட்டு மணிக்குப் பிறகு, முழுப் பகோடாவும் சரிந்தது. இன்று நீங்கள் காண்பது 1950-களில் எழுப்பிய புதுக் கட்டடம். 114 மீட்டர் உயரம். அந்த இரவின் நிலநடுக்கத்தை 7.3 என்று கணிக்கிறார்கள். பெகு நகரில் சுமார் 500 பேர் இறந்தார்கள். இடிபாடுகளுக்கு மேல் தீயும் பரவியது. ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், சுமார் 50 பேர். அதே டிசம்பரில் வடக்கே பியூவில் இன்னொன்று. அப்போது பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால் இவற்றை ஆராய வந்தவர்கள் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர். காகின் பிரவுன் பெகு அறிக்கையை எழுதினார். ரங்கூன் பல்கலைக்கழகத்தின் சிப்பர் 1934-இல் பர்மாவின் மண்ணியல் பற்றிப் பெரிய நூலே வெளியிட்டார்.

1930 என்றால் நம்மவர்களின் நினைவில் நிற்பது பூகம்பம் அல்ல. அதே மே மாதக் கடைசியில் துறைமுகத் தொழிலாளர் தகராறு கலவரமாகி இந்தியர் பலர் கொல்லப்பட்டார்கள். டிசம்பரில் சயா சான் தலைமையில் கிளர்ச்சி. நிலம் நடுங்கியதையும் நாடு நடுங்கியதையும் அன்றைய மக்கள் சேர்த்தே பார்த்தார்கள். சகுனம் தேடுவது இயல்பு. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அரசியல் பின்னால் வந்த துயரங்களால் பூகம்பத்தை மறக்கடித்துவிட்டது. ரங்கூனை விட்டு 1942-இல் நடந்தே போன கதைகள் நம் குடும்பங்களில் உண்டு. 1930-இல் சுவர் விழுந்த கதை அபூர்வம். ஒரு தலைமுறை ஊரைவிட்டுப் போகும்போது அந்த ஊரின் தரையைப் பற்றிய அறிவும் கூடவே போய்விடுகிறது.

இனி கொஞ்சம் கணக்கு. 1930-லிருந்து 2025 வரை 95 ஆண்டு. ஆண்டுக்கு 11 மி.மீ. என்று குறைத்தே போட்டாலும் ஒரு மீட்டர். 18 என்றால் 1.7 மீட்டர். இவ்வளவு நழுவல் பகோ துண்டில் சேர்ந்து, உராய்வால் பிடிபட்டு நிற்கிறது. ஒரு மீட்டர் நழுவலே 7 அளவு நிலநடுக்கத்துக்குப் போதும். 2025-இல் வடக்கே தீர்ந்தது இந்தக் கணக்கில் ஒரு பைசாவைக்கூடக் குறைக்கவில்லை. அது மண்டலேயின் கணக்கு. நாளைக்கே தீரும் என்றோ இன்னும் நூறு ஆண்டு ஆகும் என்றோ இதற்குப் பொருளில்லை. பாக்கி நிற்கிறது என்பது மட்டும் பொருள்.

பிளவைப் பற்றிப் பேசினது போதும். பிளவை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஊரின் மண்ணுக்கு வருகிறேன். உண்மையில் நான் பேச வந்ததே இதைத்தான்.

யாங்கோன் ஒரே தரையில் நிற்கவில்லை. ஷ்வேடகோன் பகோடா நிற்கும் சிங்குத்தரா குன்று, வடக்கேயிருந்து இறங்கும் பகோ யோமா மலைத்தொடரின் கடைசித் துணுக்கு. கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர் சொச்சம்தான். ஆனால் அடியில் கெட்டியான பழைய மணற்பாறையும் களிப்பாறையும். மேலே செம்பூரான் கல். நம் கேரளத்துப் பக்கம் வீடு கட்ட வெட்டுகிறார்களே, அந்த இனம். ஷ்வேடகோனும் தப்பவில்லை. 1768-இல் நிலநடுக்கம் அதன் உச்சியைத் தள்ளியது. பிறகு சின்பியூஷின் அரசர் எழுப்பிய உயரம்தான் இன்றைய 99 மீட்டர். 1970 அக்டோபரில் சிறிய நடுக்கம் ஒன்றுக்கே மேலேயுள்ள குடையின் தண்டு கண்ணுக்குத் தெரியச் சாய்ந்து, சாரம் கட்டிப் பழுதுபார்த்தார்கள். இருந்தும் அதன் காலடியில் பாறை இருக்கிறது.

குன்றிலிருந்து சுலே வழியாக ஆற்றை நோக்கி இறங்குங்கள். பாறை கீழே போய்விடும். வண்டல் மேலே வரும். 1852 ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் இந்த நகரத்தைத் திட்டமிட்டபோது ஆற்றங்கரையில் இருந்தது பெரும்பாலும் சதுப்பு. ஓதம் ஏறி இறங்கும் ஓடைகள். மருத்துவர் மான்ட்கோமரி முதல் திட்டம் வரைந்தார். பொறியாளர் ஃபிரேசர் அதைத் திருத்தி, கட்டம் கட்டமாகத் தெருப் போட்டார். தாழ்வான இடங்களை மண் கொட்டி நிரப்பினார்கள். ஃபிரேசர் தெரு என்று உங்கள் தாத்தாக்கள் சொன்ன சாலைதான் இன்றைய அனவ்ரதா சாலை. அதன் மேலேதான் 1871-இல் தமிழர்கள் காளியம்மன் கோயில் கட்டினார்கள்.

அந்த வண்டலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழனை இங்கே கூட்டி வந்ததே அதுதான். ஐராவதி ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் மண்ணை மலையிலிருந்து உரித்துக் கடலுக்குக் கொண்டுவருகிறது. அந்த மண்ணில் நெல் விளைந்தது. நெல்லுக்குக் கடன் தேவைப்பட்டது. கடனோடு செட்டிநாடு வந்தது. 1930-களின் பொருளாதாரச் சரிவில் கடனைத் திருப்ப முடியாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்கு வந்த நிலம், 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தது. அதன் பிறகு நடந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வயலுக்கு நல்ல மண் கட்டடத்துக்கு நல்ல மண் அல்ல. பாறையில் வேகமாக வரும் நிலநடுக்க அலை, தளர்ந்த சேற்றுக்குள் நுழைந்ததும் மெதுவாகிறது. வேகம் குறையும்போது வீச்சு பெருகுகிறது. ஆட்டம் நெடுநேரம் நீடிக்கிறது. பாங்காக்கை மனத்தில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆயிரம் கி.மீ. தள்ளியிருந்த நகரத்தை ஆட்டியது அதன் அடியிலுள்ள கடற்களிமண். உயரமான கட்டடங்களுக்குப் பிடித்தமான மெதுவான ஊசலை அந்தக் களிமண் பொறுக்கி எடுத்துப் பெரிதாக்கியது.

இன்னொரு சங்கதி, நீர் நிறைந்த மணல். கடற்கரையில் ஈர மணலைக் காலால் தட்டிக்கொண்டே இருந்தால் நீர் மேலே ஊறி, கால் புதையும். சிறுவயதில் எல்லோரும் செய்ததுதான். நிலநடுக்கத்தில் அதையே நிலம் செய்கிறது. மணிகளுக்கு இடையே அழுந்திய நீர் மணிகளைப் பிரித்துவிடுகிறது. அதுவரை சுமை தாங்கிய மண், நொடிகளில் குழம்பாகிறது. கட்டடம் உடையாமலே சாய்கிறது, அமிழ்கிறது. ஆற்றோரமும் பழைய ஓடைகளை மூடிய இடங்களும் இதற்கு முதல் வேட்பாளர்கள். பசுண்டாங் ஓடையோரம், லாயிங் ஆற்றோரம், அக்கரையில் டாலா. போதாக்குறைக்கு, நிலத்தடி நீரை உறிஞ்சுவதாலும் புதுக் கட்டடங்களின் எடையாலும் வண்டல் பகுதியில் சில இடங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்துகொண்டிருப்பதை செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டியிருக்கின்றன.

ஆக, ஒரே நிலநடுக்கம் குன்றுப் பக்கத்துப் பஹானில் ஒரு மாதிரியும் ஆற்றோரப் போட்டடாங்கில் வேறு மாதிரியும் இருக்கும். இங்கே ஃபிளாட் வாங்கும்போது நம்மவர்கள் என்ன கேட்கிறார்கள்? தண்ணீர் வருமா, மின்சாரம் எத்தனை மணி நேரம், கோயில் பக்கமா. மின்சாரக் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றைய நிலையில் அது நியாயமான கேள்வி. அதோடு மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அடித்தளத்துக்காகத் துளையிட்டபோது எந்த ஆழத்தில் களிமண், எந்த ஆழத்தில் மணல், எங்கே கெட்டித் தரை என்று அதில் எழுதியிருக்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒன்று மியன்மாரில் இருக்கிறது. நிலநடுக்கத்தைக் கணக்கில் கொண்டுதான் எழுதினார்கள். அதன்படி கட்டினார்களா என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

பழைய கட்டடத்தில் குடியிருப்பவர்கள் வேறு மூன்று சங்கதிகளைப் பார்க்கலாம். நகர மையத்தில் மின்தூக்கி இல்லாத ஏழு, எட்டு மாடிக் கட்டடங்கள் தெருத்தெருவாக நிற்கின்றன. பலவற்றில் கீழ்த்தளம் கடை. சுவரில்லாமல் தூண்கள் மட்டும். மேலே எல்லாம் சுவர். ஆட்டத்தில் அந்தக் கீழ்த்தளம்தான் முதலில் மடங்கும். கடையைப் பெரிதாக்கத் தூணைச் செதுக்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டாவது, மொட்டை மாடியில் பின்னால் ஏற்றிய தளமும் தண்ணீர்த் தொட்டியும். மூன்றாவது, நூறு வயதுச் செங்கல் கட்டடங்களின் கைப்பிடிச் சுவர். இதைச் சிலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். தெருவில் போகிறவன் தலைக்கு நேர் மேலே, பிடிமானமில்லாமல் நிற்கும் செங்கல் அது.

ஆட்டத்தில் உச்சிதான் அதிகம் வீசும். ஷ்வேமாடோவின் வடகிழக்கு மூலையில் கிடப்பதும் உச்சி. ஷ்வேடகோனில் சாய்ந்ததும் உச்சி. நம் கோபுரங்களுக்கும் அதே விதி. கோபுரத்தின் சுதைப் பொம்மைகள் உள்ளே கம்பியோடு பிணைந்திருக்கின்றனவா, அல்லது சாந்தின் ஒட்டில் மட்டும் நிற்கின்றனவா? கலசத்தின் நடுத்தண்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? பழைய கம்பி துருப்பிடித்துச் சுதை வெடித்திருக்கிறதா? கும்பாபிஷேகத்துக்கு முன் திருப்பணிக் குழு வண்ணத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசும். சாரம் கட்டியிருக்கும் அந்த நாட்களில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை ஒரே ஒரு முறை மேலே ஏற்றுங்கள். ஸ்தபதி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அவரையும் கூடவே ஏற்றுங்கள். திருவிழா நாளில் கூட்டம் கோபுர வாசலுக்கு நேர் கீழே தேங்காதபடி இன்னொரு வழியைத் திறந்து வையுங்கள்.

மண் அறிக்கையை எப்படிப் படிப்பது என்று சிலர் முன்பே கேட்டிருந்தார்கள். மாதிரி அறிக்கை ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். தேநீருக்குப் பிறகு மேசையில் விரித்துப் பார்க்கலாம்.